அப்புவின் 1.8 கிலோ: பருத்த பூனையை வெட் ஃபுட் என்ற ஈர உணவில் இளைக்க வைத்த கதை

அப்புவின் முதுகில், வாலுக்குச் சற்று மேலே, ரோமம் சிக்கிச் சடையாகக் கிடந்தது. சீப்புப் போட்டால் பொடுகு உதிர்ந்தது. தோல் வியாதி என்று நினைத்துத்தான் 2023 டிசம்பர் கடைசியில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சடையைப் பார்த்தார். அப்புறம் இரண்டு கைகளாலும் அவன் விலாவைத் தடவினார். “தோலில் ஒன்றும் இல்லை சார். இவனால் அந்த இடத்தை நக்க முடியவில்லை. உடம்பு வளையவில்லை, வயிறு தடுக்கிறது” என்றார்.

பூனை ஒரு நாளில் எவ்வளவு நேரம் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அதைச் செய்ய முடியாமல் ஒரு பூனை எங்கள் வீட்டில் எத்தனை மாதம் இருந்தது என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எங்கள் வீடு திருச்சி உறையூரில், முதல் மாடி. நான், மனைவி, அம்மா, இரண்டு பூனைகள். அப்பு ஆறு வயதுச் செவலைக் கடுவன், கருத்தடை ஆனவன். மீனு மூன்று வயதுப் பெட்டை, 3.4 கிலோ, சரியான உடம்பு. அப்பு அன்றைக்கு 6.9 கிலோ இருந்தான்.

பூனையின் உடல்வாகுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 5 இருந்தால் சரியான உடம்பு. அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் எடை கூடுதல் என்று கணக்கு. அப்புவுக்கு 8. டாக்டர் எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். உங்கள் புறங்கையை மற்றொரு கை விரலால் தடவிப் பாருங்கள்; எலும்பு மெல்லிய தோலுக்குக் கீழே தட்டுப்படும். பூனையின் விலா அப்படித் தட்டுப்பட்டால் நல்லது. மடக்கிய விரல் முட்டிகள் போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைச் சதையைத் தடவுவது போல இருந்தால் கொழுப்பு. அப்புவின் விலா உள்ளங்கையைவிட மோசம், அழுத்தினால்தான் எலும்பே கிடைத்தது. பின்னங்கால்களுக்கு நடுவே தொங்கும் தோல்பையை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அது ஒல்லிப் பூனைக்கும் இருக்கும். மீனுவுக்கும் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. பருத்த பூனைகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதால் பயந்துவிட்டேன். ஆனால் பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறும், கூடையில் அடைத்துக் கொண்டுவந்த பூனையின் ஒரு அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற சோதனையை எடுத்தார். அது சரியாக இருந்தது. உங்கள் பூனையை இளைக்க வைக்க நினைத்தால் தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டாதீர்கள். ஏற்கெனவே இன்சுலின் போடும் பூனைக்கு உணவை மாற்றினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். வீட்டில் நாமாகச் செய்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து.

முதலில் தராசு

குளியலறை எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு என் எடையைக் கழித்துப் பார்த்தேன். ஒரே நாளில் 6.7, 7.1, 6.9 என்று வந்தது. வாரத்துக்கு 60 கிராம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டியவனுக்கு இது உதவாது. கைக்குழந்தைகளை எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினேன், பத்துப் பத்து கிராமாகக் காட்டும். அதன்மேல் அவன் வழக்கமாகப் படுக்கும் பிரம்புக் கூடையை வைத்து, பூஜ்யம் ஆக்கி, அவனை ஏற்றினால் தானாகவே உட்கார்ந்துவிடுகிறான். ஞாயிறு காலை, சாப்பாட்டுக்கு முன்னால் என்று நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டேன். சமையலறைக்கு ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சின்னத் தராசு.

அதே தராசில் அவனுடைய பழைய சாப்பாட்டையும் நிறுத்துப் பார்த்தேன். டிரை ஃபுட்டை, அதாவது மொறுமொறுப்பான காய்ந்த தீனியை, ஒரு டம்ளரில் அள்ளிப் போடுவது எங்கள் வழக்கம், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. “அரை டம்ளர்தான் போடுகிறோம்” என்று நானும் மனைவியும் உறுதியாக நம்பியிருந்தோம். நிறுத்தால் வேளைக்கு 45 கிராம். ஒரு நாளைக்கு 90.

பாக்கெட்டில் கலோரி போட்டிருக்கவில்லை. நம் ஊரில் விற்கும் பல பாக்கெட்டுகளில் போடுவதில்லை. ஆனால் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் எல்லாம் சதவீதத்தில் இருக்கும். அவற்றோடு சாம்பல் என்று குறிக்கும் தாதுச்சத்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமுக்கு எத்தனை கலோரி என்று வந்துவிடும். எங்கள் டிரை ஃபுட்டில் புரதம் 32, கொழுப்பு 12, நார் 3, சாம்பல் 8, ஈரம் 10. மாவுச்சத்து 35. நூறு கிராமுக்கு 337 கலோரி. ஆக அப்பு தினமும் 303 கலோரி சாப்பிட்டிருக்கிறான். அதற்கு மேல் அம்மா ஊற்றும் பால், ஆவின் பச்சை பாக்கெட், சுமார் 60 மில்லி. அது ஒரு நாற்பது. மீன் வாங்கும் நாளில் தலை, செவுள், இத்யாதி.

அவனுக்கு எவ்வளவு போதும்? இன்றைய எடைக்கு இல்லாமல், அவன் இருக்க வேண்டிய எடைக்குக் கணக்குப் போட வேண்டும். டாக்டர் 5 கிலோ என்று வைத்தார். எடையின் 0.75 அடுக்கை 70 ஆல் பெருக்க வேண்டும். கேட்க பயமாக இருக்கும், ஆனால் சாதாரண கால்குலேட்டரிலேயே முடியும். எடையை மூன்று தடவை பெருக்குங்கள்: 5 × 5 × 5 = 125. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள்: 3.34. அதை 70 ஆல் பெருக்கினால் 234. இளைக்க வைக்க அதில் 80 சதவீதம்: 187 கலோரி.

345 சாப்பிட்டவனை 187-க்கு ஒரே நாளில் இறக்கக்கூடாது. முதலில் 250, பிறகு 220, அப்புறம்தான் 190 என்று படி போட்டுக் கொடுத்தார் டாக்டர். வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை இறங்கலாம், அதற்கு மேல் வேகம் வேண்டாம் என்றும் சொன்னார்.

வெட் ஃபுட் எதற்கு

டிரை ஃபுட்டையே குறைத்துப் போடலாமே என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. 187 கலோரி டிரை ஃபுட் என்றால் 55 கிராம், கைக்குள் அடங்கிவிடும். அப்பு ரெண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு நாள் முழுக்க அழுவான். சின்ன உறையில் ஜெல்லியோடு வரும் வெட் ஃபுட், அதாவது ஜெல்லி பவுச்சின் கணக்கைப் பாருங்கள்: புரதம் 9, கொழுப்பு 3, நார் 1, சாம்பல் 2.5, ஈரம் 82. நூறு கிராமுக்கு 66 கலோரி, 80 கிராம் பவுச்சுக்கு 53. அதே கலோரிக்கு 280 கிராம் சாப்பாடு! வயிறு நிறையும். தண்ணீரை எடுத்துவிட்டுப் பார்த்தால் பாதிக்குப் பாதி புரதம், மாவுச்சத்து குறைவு. இளைக்கும்போது கொழுப்புதான் கரைய வேண்டும், சதை கரையக்கூடாது. அதற்குப் புரதம் வேண்டும்.

தண்ணீரும் முக்கியம். 90 கிராம் டிரை ஃபுட்டில் 9 மில்லி தண்ணீர்தான். மூன்று பவுச்சில் கிட்டத்தட்ட 200 மில்லி. பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பிராணி. கடுவன்களுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்ளும் தொல்லை வேறு உண்டு. வெட் ஃபுட்டுக்கு முழுதாக மாறிய மாதத்திலிருந்து பூனைகள் ஒதுங்கும் தட்டின் மணலில் அப்புவின் சிறுநீர்க் கட்டிகள் இரண்டு மடங்கு பெரிதாயின. மணல் செலவு கூடியது, மனது நிம்மதியானது.

பவுச் வாங்கும்போது பின்பக்கம் கட்டாயம் படியுங்கள். “முழுமையான உணவு” என்று போட்டிருக்க வேண்டும். துணை உணவு என்று போட்ட டின்கள் நிறைய வருகின்றன, பெரும்பாலும் சூரை மீனோ கோழி இழையோ தண்ணீரில் மிதக்கும். பார்க்க அருமையாக இருக்கும், பூனையும் விரும்பும். ஆனால் அதையே தினமும் போட்டால் சத்துக் குறையும். டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவுக்குத் தன் உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண் கெடும், இதயத் தசை தளர்ந்து விரியும். கடைகளில் விற்ற உணவைச் சாப்பிட்ட பூனைகளுக்கே இந்த இதய நோய் வந்ததையும், டாரின் கொடுத்ததும் அவை தேறியதையும் 1987-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். வீட்டில் கோழியை வேகவைத்துப் போட்டு இளைக்க வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்: கோழிக் கறியில் கால்சியமும் கிடையாது. ருசிக்குக் கொஞ்சம் கொடுக்கலாம், சாப்பாடாக ஆக்க முடியாது.

நான் செய்த தவறு

ஜனவரி 8, திங்கட்கிழமை, டிரை ஃபுட் டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டு இரண்டு வேளையும் பவுச் வைத்தேன். அப்பு மோந்து பார்த்தான், ஜெல்லியை நக்கினான், போய்விட்டான். பசித்தால் சாப்பிடுவான் என்று விட்டேன். மறுநாள் மதியம் வரை சாப்பிடவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் குரல் மாறிவிட்டது. “உடனே பழைய சாப்பாட்டை வையுங்கள். சாப்பிட்ட பிறகு எனக்குச் சொல்லுங்கள்” என்றார்.

பசித்தால் சாப்பிடும் என்ற வழக்கு பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, பொருந்தாது. சாப்பாடு நின்றதும் உடம்பில் இருக்கும் கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலுக்குப் போகிறது. அவ்வளவு கொழுப்பைக் கையாளப் பூனையின் ஈரலுக்குச் சக்தி இல்லை. ஈரல் செல்களுக்குள்ளேயே கொழுப்பு தேங்கி, வேலையை நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கலாம். காதின் உள்பக்கம், ஈறு, கண்ணின் வெண்மை மஞ்சளாகும், வாந்தி வரும், பிறகு மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்ட வேண்டிய நிலை வரும். அப்பு அன்றைக்கு டிரை ஃபுட்டைப் பார்த்ததும் சாப்பிட்டான். நான் அவன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சாயந்திரம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் முழுதாகச் சாப்பிடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுவது என்று அன்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அந்தச் சீட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

பிறகு மூன்றரை வாரம் எடுத்து மாற்றினேன். முதலில் நாள் முழுக்கத் தட்டில் கிடந்த தீனியை நிறுத்தி, டிரை ஃபுட்டையே நான்கு வேளையாகப் பிரித்தேன். வேளைக்குப் பசி வந்தால்தான் புதுச் சாப்பாட்டுக்கு ஒரு வாய்ப்பு. அப்புறம் தட்டின் ஓரத்தில் ஒரு டீஸ்பூன் வெட் ஃபுட், மேலே நுணுக்கிய டிரை ஃபுட் தூவி. அவன் பழக்கம் மொறுமொறுப்பு; அந்தப் பல் உணர்வு கிடைக்காமல் கொழகொழவென்று இருப்பதைச் சாப்பாடாகவே அவன் நினைக்கவில்லை. தூளின் வாசனை வந்த பிறகு நாக்கை வைத்தான். உப்பில்லாமல் காய வைத்து வறுத்த நெத்திலியைப் பொடித்து ஒரு சிட்டிகை தூவியதும் நன்றாக வேலை செய்தது. கடைக் கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு பட்ட குழம்பும் வேண்டவே வேண்டாம், பூனையின் ரத்த அணுக்களை அது உடைக்கும்.

மிகப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது சூடு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாதி பவுச்சை அவன் தொடமாட்டான். பவுச்சை ஒரு டம்ளர் வெந்நீரில் மூன்று நான்கு நிமிடம் நிற்க வைத்து, விரலை வைத்தால் நம் உடம்புச் சூடு தெரியும் அளவுக்கு ஆனதும் வைத்தால் வருவான். அப்போது பிடித்த எலியும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். பிப்ரவரி முதல் வாரத்தில் டிரை ஃபுட் தூள் இல்லாமலே தட்டைக் காலி செய்தான். நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எறும்பும் வெயிலும்

திருச்சியில் வெட் ஃபுட் வைத்தால் ஐந்து நிமிடத்தில் எறும்பு வரும். தாம்பாளத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கனமான கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். அப்பு கழுத்தை நீட்டிச் சாப்பிடும் உயரமும் கிடைத்தது. ஏப்ரல், மே வெயிலில் மீதியை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பதில்லை. பிரித்த பவுச்சைக் கிளிப் போட்டு ஃப்ரிட்ஜில், மறுநாளைக்குள் தீர்த்துவிடுவோம்.

நேரம்: காலை 6.30, மதியம் 1, சாயந்திரம் 6, ராத்திரி 10.30. கடைசி வேளையை அவ்வளவு தாமதமாக வைத்தது விடியற்காலை அழுகைக்காக. முதல் இரண்டு வாரம் நாலு மணிக்கே என் நெஞ்சின் மேல் ஏறி நின்றான். எழுந்து போட்டால் நாளைக்கு மூன்றரைக்கு வருவான். அதனால் நான் எழுந்ததற்கும் அவன் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆக்க வேண்டியிருந்தது. பல் தேய்த்து, காபி போட்டு, குடித்து முடித்த பிறகுதான் தட்டு. மூன்றாம் வாரத்திலிருந்து காபி டபரா சத்தம் கேட்டால்தான் எழுந்து வருகிறான்.

190 கலோரி வந்த பிறகு ஒரு நாள் கணக்கு இதுதான்: மூன்று பவுச் 158, வேகவைத்த கோழி நெஞ்சுக் கறி 12 கிராம் 20, டிரை ஃபுட் 3 கிராம் 10. அந்த மூன்று கிராம் ஒரு பத்துப் பன்னிரண்டு மணிகள். ஒவ்வொன்றாகக் கூடத்தில் உருட்டிவிட்டால் துரத்திப் பிடித்துத் தின்பான். ஓட்டத்துக்கும் ஆச்சு. இறகு கட்டிய கயிற்றை வைத்துப் பத்து நிமிட விளையாட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு வேளை. எடை இறங்குவது சாப்பாட்டில்தான், விளையாட்டில் பெரிதாக இறங்காது. ஆனால் அவன் மறுபடி குதிக்கத் தொடங்கியது அந்த இறகுக்காகத்தான்.

கடையில் பவுச் அப்போது 45 ரூபாய். மாதத்துக்கு நாலாயிரம். டிரை ஃபுட் ஆயிரத்து இருநூறில் முடிந்துகொண்டிருந்தது. இந்தச் செலவு எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் பாதிக் கலோரியை டிரை ஃபுட்டாக நிறுத்துப் போட்டு, மீதியை வெட் ஃபுட்டாகக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். கணக்கு சரியாக இருந்தால் அதிலும் இளைக்கும்.

மீனுவின் பெட்டி

தன் தட்டை முடித்ததும் அப்பு மீனுவின் தட்டுக்குப் போவான். அவள் ஒதுங்கிவிடுவாள். பூனையின் தோலுக்கடியில் வைத்த சிப்பை அடையாளம் பார்த்துத் திறக்கும் தட்டு விற்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதன் குறுகிய பக்கத்தில் 10 சென்டிமீட்டர் அகலம், 13 உயரத்துக்குக் கோடு போட்டு, நாலு மூலையிலும் துளை போட்டு, ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். விளிம்பை உப்புக் காகிதத்தால் தேய்த்தாலும் கூர்மை போகவில்லை. தோட்டத்துக் குழாய்த் துண்டை நீளவாக்கில் கீறி விளிம்பைச் சுற்றி மாட்டி, பசை வைத்தேன். மூடியில் காற்றுத் துளைகள், உள்ளே மூலையில் பெட்டி நகராமல் ஒரு செங்கல். மீனு மூன்று நாளில் பழகிவிட்டாள். அப்பு தலையை நுழைத்துப் பார்த்தான், தோளோடு நின்றுவிட்டது. எங்காவது மாட்டிக்கொள்வானோ என்று முதல் வாரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.

நோட்டிலிருந்து

ஜனவரி 7: 6.92. ஜனவரி 21: 6.94. பிப்ரவரி 4: 6.88. பிப்ரவரி 18: 6.76. மார்ச் 3: 6.64.

மார்ச் 17: 6.62. மார்ச் 31: 6.61.

இந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான்கு வாரத்தில் 30 கிராம். நான் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். பாலை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்தே அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “வாயில்லா ஜீவன், கொஞ்சம் பால் ஊத்தினா என்னடா ஆயிடும்?” என்பார். அறுபது மில்லி பால் அவனுடைய ஒரு நாள் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்று கணக்குச் சொல்லியிருந்தேன். மார்ச் 31 காலை, நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். “சத்தியமா ஒரு சொட்டுக்கூட ஊத்தலைடா” என்றார் அம்மா. கண் கலங்கியிருந்தது.

அன்று மதியம் குப்பைக் கூடையில் கிடந்த பவுச்சை எடுத்துப் படித்தேன். மார்ச் முதல் வாரத்தில் கடையில் வழக்கமான ஜெல்லி பவுச் கிடைக்காமல், அதே 80 கிராமில் மீன் பவுச் இரண்டு பெட்டி வாங்கியிருந்தேன். புரதம் 10, கொழுப்பு 6, ஈரம் 79. நூறு கிராமுக்கு 93 கலோரி, பவுச்சுக்கு 74. மூன்று பவுச் 222. கோழியும் மணிகளும் சேர்த்தால் 252. ஜனவரியில் 250 கலோரியில் எடை அசையவே இல்லை என்று என் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தது. கிராம் மாறவில்லை, பவுச்சின் அளவு மாறவில்லை, கொழுப்பு இரட்டிப்பாகியிருந்தது. அதைப் படிக்காதது நான்.

அம்மாவிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். “பரவாயில்லை, பிள்ளைக்குச் சரியாப் போட்டா சரி” என்றார். அன்றிலிருந்து கோழிக் கறி 12 கிராமும் அம்மாவின் பொறுப்பு. வேகவைத்து, பிய்த்து, நிறுத்து, சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வார். அப்பு பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு இழை. டப்பா காலி என்றால் காலியைத் திறந்து அவனிடம் காட்டுவார். அவனுக்கு வேண்டியிருந்தது அம்மாவின் கையிலிருந்து ஏதாவது வாங்குவது. அம்மாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மீன் பவுச் மிச்சத்தை வீணாக்கவில்லை. நாளைக்கு இரண்டு பவுச், கொஞ்சம் கூடுதல் வெந்நீர் கலந்து கொடுத்துத் தீர்த்தோம். பிறகு எந்தப் புதுப் பவுச் வந்தாலும் சமையலறை அலமாரி உள்கதவில் கலோரியை எழுதிவிட்டுத்தான் பிரிக்கிறோம்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்: 6.50. மே 12: 6.27. ஜூன் 9: 6.05. ஜூன் நடுவில் ஒரு மதியம், ஜன்னல் திண்டில் உட்கார்ந்து, ஒரு காலை மேலே தூக்கி, முதுகை வளைத்து, வாலின் அடியை நக்கிக்கொண்டிருந்தான். டிசம்பரில் டாக்டர் காட்டிய அதே இடம். நான் அசையாமல் நின்று பார்த்தேன்.

ஜூலை 7: 5.84. ஆகஸ்ட் 4: 5.66. செப்டம்பர் 1: 5.50. அக்டோபர் 6: 5.33. எடை குறையக் குறைய இறங்கும் வேகமும் குறைந்தது. இன்னும் கலோரியைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் டாக்டர். இறங்கிக்கொண்டிருக்கும்வரை அவசரப்படாதீர்கள், இதற்குக் கீழே போனால் கலோரியோடு சேர்ந்து மற்றச் சத்துகளும் குறைந்துவிடும் என்றார்.

தீபாவளிக்கு முதல் நாளிலிருந்து வெடிச் சத்தம். பீரோவுக்குப் பின்னால் போனவன் வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவுச் சீட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அன்று கணக்கெல்லாம் பார்க்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குச் சத்தம் அடங்கியதும் மனைவி தரையில் படுத்து, கையை உள்ளே நீட்டி, விரலில் தடவித் தடவி அரைப் பவுச் ஊட்டினாள். மறுநாள் சரியாகிவிட்டான்.

நவம்பர் 3: 5.21. டிசம்பர் 1: 5.12. டாக்டர் விலாவைத் தடவிப் பார்த்து, போதும் என்றார். ஐந்துக்கு இறக்க வேண்டியதில்லை, இவன் எலும்புக்கூடு பெரிது, உடல்வாகு 5-க்கும் 6-க்கும் நடுவில் வந்துவிட்டது. இப்போது 220 கலோரி கொடுக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுக்கிறேன். அடுத்தடுத்து இரண்டு தடவை 5.25-ஐத் தாண்டினால் 200-க்கு இறக்குவது என்று நோட்டில் எழுதியிருக்கிறது. இதுவரை தேவைப்படவில்லை.

பெட்டி விஷயம் பாக்கி இருக்கிறது. செப்டம்பர் 11, புதன்கிழமை சாயந்திரம், மீனு கூடத்தில் நின்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து தட்டை நக்கும் சத்தம் வந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே அப்பு, முழு உடம்போடு. எட்டு மாதமாகத் தோளில் நின்ற ஓட்டை. அவனைத் தூக்கி வெளியே விட்டேன், திரும்பி அதே ஓட்டை வழியாக எந்தச் சிரமமும் இல்லாமல் உள்ளே போனான். மீனுவின் தட்டை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றிப் பார்த்தேன், இரண்டே நாளில் அங்கேயும் ஏறிவிட்டான். போன வருஷம் அவனால் சோபாவில்கூட ஒரே தாவில் ஏற முடிந்ததில்லை. இப்போது மீனு குளியலறைக்குள் சாப்பிடுகிறாள், கதவைச் சாத்தி. பத்து நிமிடம் கழித்துத் திறக்கும்வரை அப்பு வாசலில் உட்கார்ந்து, முதுகை வளைத்து நக்கிக்கொண்டிருக்கிறான்.